சாடிக்குள் கல்: நான்கு வருட அனுபவம்

கொழும்பு வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த தொடர்மாடி எங்களுடையது. 2021இல் பல்கனியில் பூச்சாடி வைக்கத் தொடங்கியபோது எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: அடியில் சல்லிக்கல் போடுங்கள், தண்ணீர் வடியும். நானும் ஒவ்வொரு சாடியிலும் மூன்று அங்குலம் போட்டேன்.

அடுத்த வருட மழையில் மல்லிகை வாடியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். கடைசியில் சாடியைக் கவிழ்த்துப் பார்த்தால், கல்லை ஒட்டிய மண் கறுத்து, சேற்று நாற்றம். வேர்கள் தொட்டவுடன் தோல் உரிந்து நூல்போல் கையில் வந்தன. கீழே கற்கள் மட்டும் சுத்தமாக இருந்தன.

காரணம் பிறகுதான் விளங்கியது. மண்ணின் நுண்ணிய துளைகள் தண்ணீரை இறுக்கிப் பிடிக்கும். கற்களுக்கிடையே உள்ள பெரிய இடைவெளிக்குள் அது எளிதில் இறங்காது. ஊறிய ஸ்பொஞ்சைச் சல்லி மேல் வைத்துப் பாருங்கள், ஓரளவுக்குமேல் சொட்டாது. அடியில் தேங்க வேண்டிய ஈரத்தை அந்த மூன்று அங்குலக் கல் வேருக்குப் பக்கத்தில் தூக்கி வைத்திருக்கிறது. பாவம், அந்த மல்லிகையை நான்தான் மூழ்கடித்தேன்.

இப்போது சாடியின் அடித்துளைமேல் நுளம்பு வலைத் துண்டு ஒன்று, மண் ஓடாமல் இருக்க. மண்ணில் தும்புத்தூளும் உமிக்கரியும் தாராளமாகக் கலக்கிறேன். வடிவதற்கு அது போதும்.

கற்கள் மேலே போய்விட்டன. அங்கே அவை அருமை. மே மாதம் தென்மேல் பருவமழை அடிக்கும்போது மண் தெறித்துச் சுவரும் இலையும் அழுக்காவதில்லை. வெயிலில் ஈரமும் சீக்கிரம் போவதில்லை. ஆனால் மேற்பரப்பைப் பார்த்து ஈரத்தை மதிப்பிட முடியாது. கல்லை விலக்கி, விரலை விட்டுப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும்.

ஆற்றுக் கூழாங்கல்தான் நல்லது. கடற்கரையில் பொறுக்கிய வெள்ளைப் பவளத்துண்டுகளைக் கறிவேப்பிலைச் சாடியில் பரப்பியிருந்தேன், பார்க்க அவ்வளவு அழகு. சில மாதங்களில் புதுத்தளிர், நரம்பு மட்டும் பச்சையாக, மஞ்சளாக வந்தது. பவளம் சுண்ணாம்பு, மண்ணைக் காரமாக்கினால் செடிக்கு இரும்புச்சத்து எட்டாது. எடுத்துவிட்டு மேல்மண்ணையும் மாற்றிய பிறகு தளிர் தேறியது.

காற்றுக்கு விழும் உயரமான செடியைச் சாடியோடு பெரிய சீமெந்துச் சாடிக்குள் இறக்கி, இடையில் சல்லி நிரப்புங்கள். வெளிச்சாடியிலும் துளை வேண்டும்.

அப்புறம், சாடிக்குக் கீழே வைக்கும் தட்டு. கல் நிரப்பிய தட்டிலும் தண்ணீர் நின்றால் டெங்கு நுளம்பு முட்டையிடும். அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு இது. தட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். சாடிகள் இப்போது செங்கல் மேல் நிற்கின்றன.