கனடாவில இருந்து வந்த எமர்ஜென்சி பை: ரெண்டு மாரி பாவிச்ச பிறகு சொல்லுறன்

2024 ஆவணியில ஸ்காபுரோவில இருக்கிற அக்கா அனுப்பின பாசலுக்குள்ள வழமையான சொக்லேட், சம்பு, உடுப்புகளோட ரெண்டு சிவப்புப் பையும் வந்தது, பெரிசு வீட்டுக்கு சின்னன் வாகனத்துக்கு, பெரிய பையில நாலு பேருக்கு 72 மணித்தியாலத்துக்குக் காணும் எண்டு எழுதியிருந்தது. அக்கா சும்மா அனுப்பேல்ல. 2013 டிசம்பரில கிறிஸ்மஸுக்குக் கிட்டவா டொரண்டோவில மழையாப் பெய்து விழுந்த இடத்திலயே ஐஸாப் போற ஒரு புயல் அடிச்சது, மரக்கொப்பெல்லாம் பாரம் தாங்காம முறிஞ்சு வயருக்கு மேல விழுந்து லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கறண்ட் இல்லாமப் போச்சு, அக்கான்ர சின்னவனுக்கு அப்ப எட்டு மாசம். அண்டைக்கு இருந்து அவ இந்தப் பை இல்லாம மாரிக்குப் போறேல்ல. எங்கட மாரியும் அதே கார்த்திகை மார்கழியிலதான் வருது, ஆனா பனி இல்லை, தண்ணி. அதால அந்தப் பையில எது எங்களுக்குச் சரிவந்தது எது சரிவரேல்ல எண்டதை யாழ்ப்பாணம் ஆனைக்கோட்டையில இருந்து எழுதுறன், பாசல் அனுப்ப யோசிக்கிற வெளிநாட்டுச் சொந்தங்களுக்கும் உதவும்.

முதல்ல சரிவராத சாமான். கண்ணாடியில ஐஸ் சுரண்டுற தகடு, மடிக்கிற சவள், குலுக்கினா சூடாகிற, கைக்குள்ள பொத்தி வைக்கிற சின்னப் பை. அந்தச் சூட்டுப் பைக்குள்ள இருக்கிறது இரும்புத் தூள், காத்துப் பட்டா துருப்பிடிச்சுச் சூடு குடுக்கும், அங்க ரோட்டில கார் நிண்டா விரல் விறைக்காமக் காப்பாத்தும், எங்களுக்கு வேலை இல்லை. இன்னொண்டு, ஆழமான தகரப் பேணிக்குள்ள மெழுகுதிரி. அங்க பனிக்குள்ள கார் புதைஞ்சா புகைக்குழாய் அடைபட்டு எஞ்சின் புகை உள்ளுக்கு வந்து ஆக்கள் நித்திரையிலயே செத்துப் போயிடுவினமாம், அதால எஞ்சினை விட்டுவிட்டுப் போட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் திறந்து வைச்சு அந்தத் திரியில குளிர்காயிறவையாம். இதை வாசிச்ச பிறகுதான் எங்கட பக்கத்தில ஆக்கள் மழை நனையும் எண்டு ஜெனரேற்றரை விறாந்தைக்குள்ள இழுத்து வைச்சு ஓடவிடுறது நினைவுக்கு வந்தது. அதுவும் அதே புகைதான், அதுக்குள்ள இருந்து ஆளைக் கொல்லுற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. தயவுசெய்து வெளியில, ஜன்னலுக்குத் தூரமா வையுங்கோ.

இனி றேடியோ. முழுப் பையிலயும் இதுதான் தங்கம். கையால சுத்துற பிடி ஒண்டு, மேல சின்ன சோலர் தகடு, பக்கத்தில யுஎஸ்பி. டபிள்யூபி எண்டு ஒரு பட்டனும் இருக்குது, அது அங்கத்தைய அரசாங்கம் காலநிலை மட்டும் சொல்லுறதுக்கெண்டு வைச்சிருந்த அலைவரிசை, இஞ்ச அமத்தினா வெறும் இரைச்சல்தான். ஆனா எப்எம் நல்லா இழுக்குது, முள்ளு ஓடுற பழைய மாதிரி டயல் எண்டதால எல்லா ஸ்டேசனும் பிடிபடுது. நம்பர் காட்டுற டிஜிட்டல் மொடல் வாங்கிறதெண்டால் கவனம், வட அமெரிக்கா செற்றிங்கில அது 0.2 ஆத்தான் தாவும், சில ஸ்டேசன் அகப்படாது. 2024 நவம்பர் கடைசியில, பெஞ்சால் புயல் பக்கத்தால போன அந்தக் கிழமை, ஏஎல் சோதினையும் நிப்பாட்டின நேரம், எங்கட ஒழுங்கையில முழங்கால் அளவு தண்ணி. முதல் நாள் இரவே கறண்ட் போச்சு, அடுத்த நாள் மத்தியானம் போன் சிக்னலும் போட்டுது, டவரில இருக்கிற பற்றரியும் எவ்வளவு நேரத்துக்கெண்டு நிக்கும். அண்டைக்கு இந்த றேடியோவை நடுவில வைச்சுக்கொண்டு சுத்திச் சுத்திக் கேட்டம். அம்மா பிடியை வாங்கிச் சுத்தத் தொடங்கினா, நிப்பாட்டச் சொன்னாலும் குடுக்கேல்ல. தொண்ணூறுகளில பற்றரியும் வரவிடாத காலத்தில அப்பா சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவில றேடியோ கேக்கேக்க பெடலைச் சுத்தினது அவதானாம். மகன் பக்கத்தில குந்தியிருந்து அந்தக் கதையை வாய் பாத்துக்கொண்டிருந்தான்.

லைற்றில எனக்கு மனவருத்தம் இருக்குது. பையோட வந்த லாம்பின்ர சார்ஜர் 120 வோல்ட், பின்பக்கத்தில மணி எழுத்தில போட்டிருக்கினம், எங்கட கறண்ட் 230. நான் பாக்காம அடப்டர் போட்டுச் செருகி முதல் நாளே எரிஞ்சு மணந்தது. விக்கிற கொம்பனிக்கு எழுதினம், கனடாவுக்கு வெளியில பாவிச்சா பொறுப்பில்லை எண்டு ஒரு வரிப் பதில். வெளியில இருந்து அனுப்புறவை 100-240 எண்டு போட்டிருக்கோ, இல்லாட்டி யுஎஸ்பியில சார்ஜ் ஏறுமோ எண்டு பாத்து அனுப்புங்கோ. இப்ப டவுனில வாங்கின யுஎஸ்பி லைற் ரெண்டு, தலையில கட்டுற ரோச் ஒண்டு வைச்சிருக்கிறம். தலை ரோச்சைக் கட்டாயம் வாங்குங்கோ, தண்ணிக்குள்ள பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கேக்க ரெண்டு கையும் வேணும். பவர் பாங்க் 20000 எண்டு எழுதியிருந்தாலும் 5000 பற்றரி போனுக்கு நாலு தரம் ஏறாது, ரெண்டரை மூண்டு தரம்தான், இடையில சூடாவே கொஞ்சம் போயிடும், அந்தக் கணக்கில பாவியுங்கோ. சாதாரண பற்றரியளை ரோச்சுக்குள்ள போட்டு வைக்காதேங்கோ, ஒரு வருசத்தில வெள்ளையாக் கசிஞ்சு ஸ்பிரிங்கைத் திண்டுடும், வெளியில தனியாச் சுத்தி வையுங்கோ.

வெள்ளித் தாள் மாதிரி ஒரு போர்வை நாலு வந்தது, உள்ளங்கைக்குள்ள அடங்கும். இதையும் பனிச் சாமான் எண்டு ஒதுக்கி வைக்கப் பாத்தன், நல்ல காலம் வைக்கேல்ல. அந்த வெள்ளத்தில பக்கத்து வீட்டு அம்மம்மாவை எங்கட வீட்டுக்குத் தூக்கி வந்தம், எண்பது வயசு, நனைஞ்சு உதடு நீலம் பாரிச்சு நடுங்கிக்கொண்டிருந்தா. ஈரச் சீலையை மாத்தி, ஒரு பருத்தித் துணி சுத்தி, அதுக்கு மேல இந்தத் தாளைப் போர்த்தி விட்டம். இது தானாச் சூடு குடுக்காது, உடம்புச் சூட்டை வெளிய விடாம வைச்சிருக்கும், அதால ஈர உடுப்புக்கு மேல போர்த்திப் பெரிய பிரியோசனம் இல்லை. அரை மணித்தியாலத்தில அவ தேத்தண்ணி கேட்டா. யாழ்ப்பாணத்தில குளிர் எங்க எண்டு கேக்கிறவைக்கு மாரி இரவில நனைஞ்ச கிழவிட உடம்பு தெரியாது.

சாப்பாடு எண்டு மொத்தமான பிஸ்கட் கட்டி வந்தது, வருசக்கணக்கா இருக்குமாம், பிள்ளையள் ஒரு கடி கடிச்சிட்டு வைச்சிட்டினம். அதை எடுத்துப்போட்டு எங்கட சாமான் வைச்சம். புழுக்கொடியல் ஒரு போத்தல், பனங்கட்டி ஒரு குட்டான், பருத்தித்துறை வடை, எள்ளுப்பாகு, வறுத்த அரிசிமா, சமபோஷா, மரி பிஸ்கட். புழுக்கொடியல் காத்துப் படாம இருந்தா மாசக்கணக்கில நிக்கும், அடுப்பு வேண்டாம், நாலு துண்டு பனங்கட்டியோட சப்பினாப் பசி அடங்கும். எங்கட ஆக்கள் மாரிக்கெண்டே வெய்யிலில காயவைச்ச சாப்பாட்டுக்கு அந்தக் கட்டி கிட்டவும் வராது.

தண்ணி விசயத்தில பை எங்களைக் கைவிட்டுட்டுது. ஆளுக்குக் கை அளவு பக்கற் சிலதுதான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லீற்றர் வைச்சுப் பாத்தா மூண்டு நாளைக்குப் பன்ரெண்டு, நாலு பேருக்கு ஐம்பதுக்குக் கிட்ட. கிணறு இருக்குது தானே எண்டுதான் எல்லாரும் இருக்கிறது. ஆனா எங்கட நிலம் சுண்ணாம்புக்கல்லு, வெள்ளம் நிண்டா மலகூடக் குழித் தண்ணியும் கிணத்துத் தண்ணியும் கீழால ஒண்டாப் போயிடும், கிணத்துக் கட்டால வெள்ளம் உள்ளுக்கு விழுந்தா சொல்லத் தேவையில்லை. புயல் வருது எண்டு சொன்னவுடன மூடி உள்ள கானில நிரப்பி வையுங்கோ. வெள்ளம் வடிஞ்ச பிறகு பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஆக்களைக் கூப்பிட்டுக் குளோரின் போடும் வரைக்கும் கொதிக்கவைச்சுத்தான் குடிக்கிறது. வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடிக்கிற ஜீவனி பக்கற் பத்தாவது இருக்கட்டும், ஒரு பக்கற் ஒரு லீற்றர் கொதிச்சாறின தண்ணிக்கு.

மருந்துப் பெட்டியில பிளாஸ்டரும் பஞ்சும் தாராளம், அம்மான்ர பிறஷர் குளிசையும் சீனி வருத்தக் குளிசையும் ஆர் அனுப்புறது, அது நாங்கள்தான் ரெண்டு கிழமைக்கு எடுத்து வைக்கோணும். இன்சுலின் போடுறவை ஐஸ்பெட்டி வேலை செய்யாட்டி எங்க வைக்கிறது எண்டு இப்பவே கிளினிக்கில கேட்டு வையுங்கோ. முழங்கால் உயரச் சப்பாத்து ஒரு சோடியாவது வேணும். 2024 டிசம்பரில வெள்ளம் வடிய வடிய வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சல் பரவி ஆக்கள் செத்தது. கால் புண்ணோட வெள்ளத்துக்குள்ள இறங்காதேங்கோ, இறங்கி ஒரு கிழமை ரெண்டு கிழமையில காய்ச்சல், உடம்பு உளைவு வந்தா பனடோலோட இருக்காம ஆஸ்பத்திரிக்குப் போய் வெள்ளத்தில நடந்தனான் எண்டு சொல்லுங்கோ.

பத்திரங்களுக்கு ஒரு தண்ணி போகாத உறை வந்தது, அதைக் கண்டவுடன அம்மா ஒண்டும் கதைக்கேல்ல, உள்ள போய் ஒரு பழைய துணிப்பையைக் கொண்டு வந்தா. 95 இடப்பெயர்வில, ஐப்பசி 30 ஆம் திகதி இரவு மழைக்குள்ள நாவற்குழிப் பாலத்தால சனம் நகர்ந்துகொண்டு போகேக்க அவ நெஞ்சோட அணைச்சுக்கொண்டு போன பை. உறுதி, பிறப்புச் சேட்டிபிக்கற், அப்பான்ர படம். இப்ப அந்த உறுதி இந்த உறைக்குள்ள இருக்குது.

வாகனப் பைக்கு வாறன். 2025 நவம்பர் 28 டித்வா புயல் கரையேறின கிழமை தம்பி எங்கட வானோட கொழும்பில இருந்து வந்துகொண்டிருந்தவன், ரோட்டுகள் மூடுப்பட்டு வவுனியாவுக்கு இஞ்சால வரேலாம ஒரு இரவு முழுக்க வானுக்குள்ள. அதே நாட்களில கலா ஓயாவில பஸ் ஒண்டு வெள்ளத்துக்குள்ள மாட்டி, ஆக்கள் பக்கத்து வீட்டுக் கூரையில ஏறி இருந்து நேவி வந்து மீட்டது எல்லாருக்கும் தெரியும். தம்பிக்கு உதவினது கார் சார்ஜர், ரெண்டு போத்தல் தண்ணி, முக்கோண றிப்ளெக்டர், பற்றரி இறங்கின இன்னொரு காரை எழுப்பின ஜம்பர் வயர். கண்ணாடி உடைக்கிற சின்னச் சுத்தியலும் இருந்தது, அது டாஷ்போட் லாச்சிக்குள்ள இல்லை, ட்ரைவர் கைக்கு எட்டுற இடத்தில இருக்கோணும், முன்கண்ணாடியில அடிச்சு வேலை இல்லை, பக்கக் கண்ணாடியின்ர மூலையில அடிக்கோணும். இழுக்கிற கயிறு மட்டும் மெல்லிசு, ஒரே இழுவையில அறுந்தது, டவுனில லொறிக்காரர் வாங்கிற கடையில மொத்தக் கயிறு வாங்கிப் போட்டாச்சு. அதோட பம்ப், பிளக் ஸ்பனர், ஒரு தறப்பாள்.

ஆனா வெள்ளத்துக்குள்ள வாகனத்தை இறக்கிறவனை இந்தப் பை காப்பாத்தாது. ஓடுற தண்ணி ஒரு அடி இருந்தாலே கன கார்களை மிதக்கவைக்கும், ரெண்டு அடி வானையும் இழுக்கும். அராலிப் பாலத்தடியிலயும் வல்லைவெளியிலயும் ரோட்டு எது வெளி எது எண்டு தெரியாது. தண்ணிக்குள்ள எஞ்சின் நிண்டா திருப்பித் திருப்பி ஸ்டார்ட் அடிக்காதேங்கோ, உள்ளுக்குத் தண்ணி போயிருந்தா கனெக்டிங் ரொட் வளைஞ்சுபோம், இறங்கி ஆக்களோட தள்ளுங்கோ.

அக்கா குடுத்த காசுக்குப் பெறுமதியோ எண்டு கேட்டா எழுதுறது இதுதான்: றேடியோ, வெள்ளித் தாள், தண்ணி போகாத உறை, சுத்தியல், ஜம்பர் வயர், இதுகளை மட்டும் தனித்தனியா வாங்கி அனுப்புங்கோ, முழுப் பையா வாங்காதேங்கோ, மிச்சம் எல்லாம் இஞ்ச நல்லதாவும் மலிவாவும் கிடைக்கும். பைக்குள்ள ஒரு மட்டையில 117 அனர்த்த முகாமைத்துவம், 1990 அம்புலன்ஸ், 1987 கறண்ட் எண்டு பெரிய எழுத்தில மகன் எழுதி ஒட்டியிருக்கிறான், போன் செத்தா நம்பரும் போன மாதிரித்தானே. பெரிய பை இப்ப சாமியறைக் கதவுக்குப் பின்னால ஆணியில தொங்குது. ஐப்பசி பிறந்தவுடன பற்றரி பாக்கிறது என்ர வேலை, குளிசை மாத்துறது தங்கச்சின்ர வேலை, பழைய புழுக்கொடியலை எடுத்துத் திண்டிட்டுப் புதுசு போடுறது பிள்ளையளின்ர வேலை.