‘போர்டு போச்சு’ என்பார்கள்: கீழே விழுந்த லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் படியுங்கள்

கட்டிலிலிருந்து தரையில் விழுந்த ஒரு லேப்டாப். ஐ5-1135ஜி7 பிராசஸர். திரையில் கீறல்கூட இல்லை, உடனே ஆன் ஆனது. ஆனால் அன்றிலிருந்து வீடியோ கால் போட்டால் ஃபேன் அலறும், படம் திக்கித் திக்கி வரும், சில நேரம் தானாக ஆஃப் ஆகிவிடும். சர்வீஸ் கடையில் அடிமூடியைக்கூடக் கழற்றாமல் ‘போர்டு போச்சு, மாத்தணும்’ என்றார்கள், அதாவது மதர்போர்டு. 11,800 ரூபாய், நான்கு நாள். திரும்பி வந்த லேப்டாப் சூடாகவில்லை. கூடவே ஆமை வேகமும் வந்திருந்தது.

பிறகு திறந்து பார்த்ததில் விஷயம் வெளிவந்தது. போர்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களின் மேல் பழைய தூசி படிந்தபடியே இருந்தது. போர்டை யாரும் வெளியே எடுக்கவே இல்லை. பிராசஸர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்கின் நான்கு ஸ்க்ரூவில் ஒன்று, எவ்வளவு திருகினாலும் இறுகாமல் சுற்றியது. விழுந்த அதிர்ச்சியில் அதன் அடியிலிருந்த நட்டு போர்டுக்குப் பின்னால் இருக்கும் பின்தகட்டை விட்டுக் கழன்றிருக்கிறது. அந்த மூலையில் தலைமுடி அளவு இடைவெளி. அதில் சூட்டைக் கடத்தும் வெள்ளை பேஸ்ட்டைப் பூரிமாவு போல அப்பியிருந்தார்கள்.

அப்படியானால் சூடு எப்படிக் குறைந்தது? கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், பிராசஸர் பவர் மேனேஜ்மென்ட், அதற்குள் ‘மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்’ என்று ஒரு வரி. 100 இருக்க வேண்டிய இடத்தில் 99 போட்டிருந்தார்கள். ஒன்றுதானே குறைகிறது என்று தோன்றும். ஆனால் 99 ஆனதும், தேவைப்படும்போது வேகத்தைக் கூட்டும் டர்போ பூஸ்ட் முழுவதும் அணைந்துவிடும். 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை போகக்கூடிய பிராசஸர் 2.4-ஐத் தாண்டாது. அரை நிமிட வேலைக்கு 11,800 ரூபாய்! சர்வீஸ் முடிந்து வாங்கும்போது கடையிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப் போட்டு, ‘ஸ்பீட்’ எண் ‘பேஸ் ஸ்பீட்’ எண்ணைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். ஒரு தடவைகூடத் தாண்டவில்லை என்றால் கேள்வி கேளுங்கள். சில லேப்டாப்களில் அந்த 99 வரி கண்ணில் படாமல் மறைந்திருக்கும் என்பதால் இந்தச் சோதனைதான் நம்பகமானது.

போர்டை உண்மையிலேயே மாற்றினார்களா என்று அறிய இன்னொரு வழி உண்டு. விண்டோஸில் டேட்டாவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால், புதிய போர்டில் டேட்டா இருக்கும் அதே எஸ்எஸ்டியைப் போட்டதும் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். கடைக்காரர் உங்களிடம் அதைக் கேட்கவே இல்லை, டேட்டாவும் அப்படியே இருக்கிறது என்றால் சந்தேகப்படலாம்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பாதிக் கண்டுபிடித்துவிடலாம். முதலில் பேட்டரி: அடிப்பாகமோ டச்பேடோ உப்பியிருந்தால், இனிப்பான கெமிக்கல் வாசம் வந்தால், சார்ஜ் போடாதீர்கள், ஆன் செய்யாதீர்கள். அது நேரே கழற்றப்பட வேண்டியது. பேட்டரி சரி என்றால் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு வெப்பம் ஏறும் வேகத்தைக் கவனியுங்கள். வேலை கொடுத்த சில நொடிகளிலேயே 50-லிருந்து 95 டிகிரிக்குத் தாவினால், வெளியே வரும் காற்று வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தால், ஹீட்சிங்க் பிராசஸரைச் சரியாகத் தொடவில்லை. சூடு ஹீட்சிங்குக்கே போய்ச் சேரவில்லை, காற்று எப்படிச் சுடும்? மூன்று, நான்கு நிமிடத்தில் மெதுவாக ஏறினால் ஃபேனையோ காற்று வழியையோ பாருங்கள். ஓடும்போது லேப்டாப்பை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சத்தம் மாறினால் இறக்கை எங்கோ உரசுகிறது, அல்லது தண்டு வளைந்திருக்கிறது. ஃபேன் சுற்றவே இல்லை என்றால் எச்பி லேப்டாப்கள் 90பி என்ற பிழை காட்டும். டெல்லில் ஆன் செய்யும்போது எஃப்12 அழுத்தினால் டயக்னாஸ்டிக்ஸ் வரும். ஃபேன் கேபிள் கனெக்டரிலிருந்து அரைகுறையாக நழுவியிருப்பதும் சகஜம். அழுத்திச் செருகினால் வேலை முடிந்தது.

திறக்கத் தெரிந்தவர்கள் பேட்டரி கனெக்டரை முதலில் கழற்றுங்கள். ஸ்க்ரூக்களை அட்டையில் படம் வரைந்து அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் போட்டால் உள்ளே இருப்பதைக் குத்திவிடும். ஹீட்சிங்கில் 1, 2, 3, 4 என்று எண் இருக்கும். இறுக்கும்போது அந்த வரிசை, கழற்றும்போது தலைகீழ். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். புதியது ஓர் அரிசிமணி அளவு போதும், ஆனால் சிப்பின் முழுப் பரப்பையும் மூட வேண்டும்.

பக்கத்துச் சிப்களின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்த ஒட்டும் மெத்தென்ற பட்டையான தெர்மல் பேடில்தான் கடைகள் அதிகம் சொதப்புகின்றன. கிழிந்த 0.5 மில்லிமீட்டர் பேடுக்குப் பதில் கையில் இருந்த 1.5-ஐ ஒட்டுவார்கள். பேடு தடித்தால் ஹீட்சிங்க் தூக்கி நிற்கும், பிராசஸர் மேல் இடைவெளி விழும். விழுந்ததால் வந்த அதே கோளாறு இப்போது ரிப்பேரால் வரும். பேடு இருந்த இடத்தில் பேஸ்ட்டை அப்புவதும் தவறு. அந்த இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது.

ஹீட்சிங்கில் சூட்டைக் கொண்டுபோகும் குழாயான ஹீட்பைப்பைச் சாதாரணச் செம்புக் குழாய் என்று நினைத்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள். உள்ளே காற்றை எடுத்துவிட்டுச் சொட்டு நீர் அடைத்திருப்பார்கள். அது ஆவியாகி ஓடித் திரும்புவதால்தான் சூடு கடத்தப்படுகிறது. மடிந்தால் அல்லது விரிசல் விட்டால் போயிற்று. ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பரைச் சொல்லி ஹீட்சிங்கை முழுதாக மாற்றுங்கள். மேலே சொன்ன லேப்டாப்புக்குப் பின்தகடும் பேஸ்ட்டும் தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை. கழன்ற நட்டை ஃபெவிக்விக்கில் ஒட்டித் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஸ்பிரிங் அழுத்தமும் சூடும் சேரும் இடத்தில் அது நிற்காது.

கொடுக்கும்போது எஸ்எஸ்டி, ரேம், பேட்டரி சீரியல் நம்பர்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘மாற்றிய பழைய பாகம் திரும்ப வேண்டும்’ என்று ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கையில் பில் இருக்க வேண்டும், அதில் என்ன செய்தார்கள் என்று எழுதியிருக்க வேண்டும். இந்த 11,800 ரூபாய்க்குக் கிடைத்தது ஒரு துண்டுச்சீட்டு. ஜிஎஸ்டி எண் கிடையாது, போர்டு என்ற சொல்லே கிடையாது. ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று மட்டும் எழுதியிருந்தது.