வி-கிராஸுக்கு அலுமினிய ஸ்கிட் பிளேட்: தகடு அருமை, ஓட்டையில்தான் வேலை பாக்கி

கோவை கணபதிப் பக்கத்துப் பட்டறை ஒன்று இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப் வண்டிக்கென்று வெட்டி வளைத்துத் தரும் மூன்று துண்டு ஸ்கிட் பிளேட் செட் இது, அதாவது வண்டியின் அடிப்பாகத்தைக் கல் இடிக்காமல் காக்கும் தகடுகள். முன்தட்டு ரேடியேட்டருக்கு, நடுத்தட்டு ஆயில் சேம்பருக்கு, பின்தட்டு கியர்பாக்ஸுக்கும், முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும். மூன்றும் 5 மி.மீ. தகடு, ரகம் 5052-எச்32 என்ற அலுமினியக் கலவை. லேசர் வெட்டு சுத்தம், வளைவு சுத்தம். குறை எல்லாம் ஓட்டைகளைச் சுற்றியும் கறுப்புப் பூச்சிலும்தான் இருக்கிறது. அதை மாட்டுவதற்கு முன்பே சரிசெய்துவிட்டால் வாங்கத் தகுந்த செட்.

5052 தேர்ந்தெடுத்தது மிகச் சரி. 6061-டி6 என்ற இன்னொரு கலவை பலமானது என்று பலர் அதையே கேட்கிறார்கள். பலம் உண்மைதான், ஆனால் அதில் 5 மி.மீ. தகட்டை இறுக்கமாக வளைத்தால் வளைவின் வெளிப்பக்கம் மயிரிழை போல வெடிக்கும். கல்லில் இடிபட்டதும் அந்த இழை வழியே தகடு கிழியும். தகடு கைக்கு வந்ததும் வளைவின் வெளிப்புறத்தில் விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கும் மாட்டக் கூடாது. இந்த செட்டில் மாட்டவில்லை.

அலுமினியமா இரும்பா என்பதற்குக் கணக்கு எளிது. 5 மி.மீ. அலுமினியம் சதுர மீட்டருக்குச் சுமார் 13.5 கிலோ. 3 மி.மீ. இரும்பு 23.5 கிலோ. எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மிச்சம். வளையாமல் நிற்கும் விறைப்போ அலுமினியத்துக்குத்தான் ஒன்றரை மடங்குக்கு மேல், ஏனென்றால் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். ஆனால் கருங்கல் இரும்பின் மேல் வழுக்கிப் போகும், அலுமினியத்தில் பல் பதித்து உழும். இட்டேரி, தோட்டத்துத் தடம், எஸ்டேட் ரோடு, நடுவில் மேடு தட்டிப்போன வண்டித்தடம் இவற்றுக்கு இந்த செட் தாராளம். சத்தியமங்கலம் பக்கத்துக் கடம்பூரிலிருந்து மாக்கம்பாளையம் போகிற தடத்துப் பள்ளங்கள் மாதிரி ஓடைக்கல்லில் வாரா வாரம் வண்டியை இறக்குபவர்கள் நடுத்தட்டை மட்டுமாவது இரும்பில் செய்துகொள்ளட்டும். ஆழியாறு வழியாக வால்பாறைக்குத் தார் ரோட்டில் மட்டும் ஏறி இறங்குபவருக்கு இது தேவையே இல்லை.

இனி ஃபினிஷ். பட்டறை இரண்டு விதமாகத் தருகிறது: வெறும் தகடு, அல்லது கறுப்புப் பவுடர் கோட்டிங். கறுப்புதான் அழகு. ஆனால் முதல் கல்லிலேயே படலம் கீறிவிடும், கீறலின் ஓரத்தில் ஈரம் உள்ளே போய்ப் படலத்துக்கு அடியில் வெள்ளை மாவு பூக்கும், பிறகு ஏடு ஏடாக உரியும். அலுமினியத்தில் பவுடர் பிடிக்க வேண்டுமென்றால் எண்ணெய் நீக்கி, எட்ச் செய்து (ரசாயனத்தால் மேற்பரப்பைச் சற்றே அரித்து), குரோமேட் அல்லது குரோம் இல்லாத கன்வர்ஷன் பூச்சு (பவுடர் பற்றிக்கொள்ள உதவும் ரசாயனப் படலம்) கொடுத்து, அலசி உலர்த்திய பிறகுதான் பவுடர் அடிக்க வேண்டும். இரும்புக்கான பாஸ்பேட் தொட்டியில் முக்கி எடுத்தால் போதாது. இந்த செட்டின் கறுப்புத் தகட்டில் பிளேடால் கட்டம் கீறி டேப் ஒட்டி உரித்தால் ஓரங்களில் படலம் டேப்போடு வருகிறது. தொட்டி வேலையில் குறை என்பதற்கு அதுவே அடையாளம்.

ஆகவே வெறும் தகடாக வாங்குங்கள். ஓரத்துப் பிசிறை அரத்தால் எடுத்து, ஸ்காட்ச் பிரைட்டால் ஒரே திசையில் தேய்த்தால் சீரான மங்கல் நிறம் வரும். கீறல் விழுந்தாலும் மறுபடி அதே தேய்ப்பு போதும். வெளியே தெரியும் முன்தட்டுக்கு மட்டும் கறுப்பு வேண்டுமானால் அனோடைசிங் செய்யலாம், அதாவது மின்சாரம் செலுத்தி அலுமினியத்தின் மேலேயே படலம் வளர்ப்பது. அது உரியாது, ஆனால் சில பத்து மைக்ரான் கனம்தான், கல்லைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம்.

பவுடர் அடித்தே தீர வேண்டும் என்பவர்கள் ஒன்றை மட்டும் விடாமல் செய்ய வேண்டும். போல்ட் தலையும் வாஷரும் உட்காரும் இடத்தில் 30 மி.மீ. வட்டத்துக்கு, தகட்டின் இரு முகத்திலும், சூடு தாங்கும் டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். வாஷருக்கு அடியில் இருக்கும் பவுடர் படலம் அழுத்தத்திலும் சூட்டிலும் மெல்ல நசுங்கும். நசுங்கிய அளவுக்கு போல்ட்டின் பிடி போகும், சில நூறு கிலோமீட்டரில் தகடு கடகடக்கும். பலரும் போல்ட்டைக் குறை சொல்கிறார்கள், உண்மையில் குற்றம் பூச்சில். இந்தப் பட்டறை மறைக்காமல்தான் அடித்துத் தருகிறது. ஏற்கெனவே வாங்கியவர்கள் அந்த வட்டத்தைச் சுரண்டி எடுத்து எட்ச் பிரைமர் ஒரு மெல்லிய கோட் கொடுத்தால் போதும். சேஸிஸில் தகடு உட்காரும் இடத்துக்கும் எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். டியூப் ரப்பரை வெட்டி இடையில் வைக்கும் பழக்கம் வேண்டாம். ரப்பர் அமுங்கி போல்ட் தளரும், ஈரமும் அதில் தேங்கும்.

செட்டோடு வரும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளை எடுத்து வைத்துவிட்டு, துத்தநாகப் பூச்சுள்ள 8.8 கிரேடு ஃபிளேஞ்சு போல்ட் (தலையோடு வாஷர் போல விளிம்புள்ளது) வாங்குங்கள். ஈரமும் உப்பும் சேர்ந்தால் ஸ்டெயின்லெஸ் போல்ட் தன்னைச் சுற்றியிருக்கும் அலுமினியத்தை அரிக்க வைக்கும். கடலே இல்லாத கொங்கு நாட்டில் உப்பு எங்கே என்று கேட்கலாம். பொட்டாஷ் மூட்டை சிந்தினால் அது உப்புத்தான். சாயப்பட்டறைக்குச் சரக்கு அடிக்கிற வண்டியிலும் உப்பு உண்டு. போல்ட் வாங்கும்போது பிட்ச், அதாவது மரைக்கு மரை உள்ள தூரம் பாருங்கள்: ஜப்பான் வண்டிகளில் எம்10 (10 மி.மீ. போல்ட்) பெரும்பாலும் 1.25 மி.மீ. பிட்ச், ஹார்டுவேர் கடையில் கேட்டதும் எடுத்துத் தருவது 1.5. இரண்டு சுற்று ஏறி மூன்றாவதில் இறுகினால் ஸ்பேனரைப் போடாதீர்கள். சேஸிஸுக்குள் வெல்டு வைத்த நட்டின் மரை அறுந்துபோனால் அதை மீட்பது பெரிய பாடு.

மாட்டும் வேலைக்கு, வண்டிக்கு அடியில் நின்று பார்க்கும் பிட் (பள்ளம்) இருந்தால் இரண்டு ஆள், ஒரு அரை நாள். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்குக் கீழே யாரும் படுக்க வேண்டாம், ஸ்டாண்டு கட்டாயம். பழைய தகட்டைக் கழற்றியதும் சேஸிஸ் ஓட்டைகளில் சரியான அளவு மரை வெட்டும் டேப் (tap) விட்டு மண்ணையும் துருவையும் எடுங்கள். சேம்பரின் தாழ்ந்த இடத்தில் எலுமிச்சை அளவு களிமண் உருண்டை ஒட்டி, நடுத்தட்டை இரண்டு போல்ட்டில் தூக்கிக் கட்டிக் கழற்றுங்கள். நசுங்கிய களிமண்ணின் கனம் 20 மி.மீ.க்குக் குறையக் கூடாது. டீசல் இன்ஜின் மவுண்டிங்கில் ஆடும், தகடும் இடிபட்டு உள்வாங்கும். இரண்டுக்கும் சேர்த்துத்தான் அந்த இடைவெளி.

பிறகு பின்னாலிருந்து முன்னால் வாருங்கள்: முதலில் பின்தட்டு, அதன் முன் விளிம்பின் கீழே நடுத்தட்டின் பின் விளிம்பு, நடுத்தட்டின் கீழே முன்தட்டு. ஓடு வேய்கிற ஒழுங்குதான், கல் வரும் திசையில் எந்த விளிம்பும் வாய் திறந்து நிற்கக் கூடாது. எல்லா போல்ட்டையும் கையால் ஏற்றி, தகட்டை நடுவாக நிறுத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்குங்கள். எம்8-க்கு 22, எம்10-க்கு 45 நியூட்டன் மீட்டர். மரையில் நீல நிறத் திரெட் லாக்கர் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. நீள்வட்ட ஓட்டைகளுக்கு 3 மி.மீ. கனமான வாஷர். 100 கிலோமீட்டரில் ஒருமுறை, 500-ல் ஒருமுறை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்துப் பாருங்கள்.

பட்டறை இரண்டு இடத்தில் திருந்த வேண்டும். போல்ட் தலை உள்ளடங்க முன்வரிசைக்கு மட்டும் குழி அழுத்தித் தருகிறார்கள், நடுத்தட்டின் பின்வரிசையில் தலை துருத்தி நிற்கிறது. கல்லில் தேய்ந்து மொழுக்கென்று ஆன தலையில் ஸ்பேனர் பிடிக்காது. ஆர்டர் கொடுக்கும்போதே எல்லாவற்றுக்கும் குழி கேளுங்கள். அடுத்தது ஆயில் வடிக்கும் ஓட்டை. 40 மி.மீ. வட்டத்தில் சாக்கெட் நுழையும், ஆனால் பிளக்கைக் கழற்றியதும் ஆயில் நேராக விழாது, வளைந்து பாய்ந்து தகட்டின் உள்முகத்தில் கொட்டும். இரண்டு நாள் சொட்டி, லீக் என்று வேறு பயமுறுத்தும். 60க்கு 90 மி.மீ. நீள்வட்டம் வெட்டித் தரச் சொல்லுங்கள், பலம் பெரிதாகக் குறையாது.

பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்துக் கரிசல் தகட்டின் மேல் அப்பிக் காய்ந்து நிற்கும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை முன்தட்டைக் கழற்றி வழித்துவிடுங்கள். வாட்டர் சர்வீஸில் காஸ்டிக் கலந்த கரைசலை அடியில் அடிக்க விடாதீர்கள். காஸ்டிக் அலுமினியத்தைத் தின்னும், தகடு கறுத்துப்போகும். சிமென்ட், சுண்ணாம்பு ஏற்றிய நாளில் வெறும் தண்ணீரால் அன்றே கழுவிவிடுவது நல்லது.