40 பை-இன் சேரும்வரை பொறுப்பதா, ஷாட் எடுப்பதா?

ஆன்லைன் போக்கரில் ஸ்டேக் ஏற, அதாவது பெரிய தொகைக்கு ஆடும் மேசைக்குப் போக, இரண்டு வழிகள் புழக்கத்தில் உண்டு. அடுத்த மேசைக்கு 40 பை-இன்னாவது (ஒரு மேசையில் உட்காரக் கொண்டுபோகும் தொகை ஒரு பை-இன்) பேங்க்ரோலில், அதாவது ஆட்டத்துக்கென ஒதுக்கிய பணத்தில், சேரும்வரை கீழேயே ஆடுவது ஒன்று. அதில் பாதி இருக்கும்போதே மேலே போய் உட்கார்ந்து பார்ப்பது இன்னொன்று. இதைத்தான் ஷாட் எடுப்பது என்கிறோம். ஒன்ராறியோவில் 2022 ஏப்ரலில் உரிமம் பெற்ற தளங்கள் திறந்தபின் ஆட வந்தவன் நான். முதல் வழியைப் பிடித்தேன், இன்றும் அதிலேயே இருக்கிறேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது. நான் பேசுவது அனுமதி உள்ள இடங்களைப் பற்றி மட்டும்.

வாடகைக் காசும் கடன் வாங்கிய காசும் மேசைக்கு வரக் கூடாது. டில்ட் ஆனால், அதாவது தோற்ற எரிச்சலில் நிதானம் இழந்தால், எழுந்துவிட வேண்டும். இரண்டு வழிக்கும் இவை பொது என்பதால் நீட்டவில்லை.

இரண்டு வழிகளுக்கும் பெயர்பெற்ற உதாரணங்கள் ஃபுல் டில்ட் என்ற போக்கர் தளத்தில் நடந்தவை. 2000ஆம் ஆண்டின் உலக சாம்பியன் கிறிஸ் ஃபெர்குசன் 2006இல் ஒரு காசும் போடாமல், இலவசப் போட்டிகளில் ஆரம்பித்து 10,000 டாலர் சேர்க்கிறேன் என்று இறங்கினார். மொத்தப் பணத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எந்தக் கேஷ் மேசைக்கும் (டோர்னமென்ட் அல்லாமல் நேரடியாகப் பணத்துக்கு ஆடும் மேசை) கொண்டுபோவதில்லை. மேசையில் இருக்கும் தொகை 10 சதவீதத்தைத் தாண்டினால் எழுந்துவிடுவது. இப்படி ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் சேர்த்தும் காட்டினார். மறுபக்கம், ‘இசில்டுர்1’ என்ற பெயரில் 2009இல் வந்த ஸ்வீடன்காரர் விக்டர் ப்ளோம். சில வாரங்களில் பல மில்லியன் டாலர் ஜெயித்தார். ஸ்டேக்கை ஏற்றிக்கொண்டே போனவர், டிசம்பர் 8 அன்று பிரையன் ஹேஸ்டிங்ஸிடம் ஒரே நாளில் சுமார் 42 லட்சம் டாலர் இழந்தார். ப்ளோமின் எதிரே இருந்தவர்கள் உலகின் மிகத் திறமையான ஆட்டக்காரர்கள். அவரைப் பாடமாகக் காட்டி ஷாட்டே தப்பு என்று சொல்வது நியாயமில்லை. ஃபெர்குசனின் 5 சதவீதமும் 20 பை-இன்தான், என்னுடைய 40 அல்ல. ஆனால் சதவீதக் கணக்கு என்பதால் பணம் குறைந்தால் அவர் கீழே இறங்கியே தீர வேண்டும். அந்த விதியின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது வின் ரேட் (100 கைக்கு, அதாவது 100 சுற்றுக்கு, சராசரியாக ஜெயிக்கும் அளவு) கணக்கு. 1,000 டாலர் இருக்கிறது என்று வையுங்கள். 10/25 சென்ட் மேசையில் (25 சென்ட் என்பது பிக் பிளைண்ட், அதாவது பெரிய கட்டாயப் பந்தயம்; பை-இன் அதைப்போல 100 மடங்கு) அது 40 பை-இன், 25/50 சென்ட்டில் 20. இதை எல்லோரும் போட்டுப் பார்க்கிறார்கள். மேலே போனதும் எதிராளிகள் தேறியவர்களாக இருப்பார்கள், வின் ரேட் குறையும் என்பதைக் கணக்கில் சேர்ப்பவர்கள் குறைவு. கீழே 100 கைக்கு 5 பிக் பிளைண்ட் ஜெயிப்பவர் மேலே 2 ஜெயிக்கிறார் என்று கொள்வோம். கீழே 100 கைக்கு 1.25 டாலர் வருகிறது. மேலே 1 டாலர். ஸ்டேக் இரட்டிப்பானது, வருமானம் குறைந்துவிட்டது!

ஆபத்து எவ்வளவு மாறுகிறது? ஆறு பேர் உட்காரும் நோ-லிமிட் ஹோல்டெம் (பந்தயத்துக்கு வரம்பில்லாத போக்கர் வகை) மேசையில் 100 கைக்குத் திட்ட விலக்கம், அதாவது ஏற்ற இறக்கத்தின் அளவு, சுமார் 90 பிக் பிளைண்ட். இதை வைத்து வழக்கமான சூத்திரத்தில் போட்டால், கீழே அந்த 1,000 டாலரும் காலியாகும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே. மேலே ஏறத்தாழ 37 சதவீதம். ஜெயிக்கத் தெரிந்த ஆளுக்கே இது! கையிருப்பு பாதியானதும் வின் ரேட் இறங்கியதும் சேர்ந்து செய்யும் வேலை இது.

இந்தச் சூத்திரம் ஒருவர் கடைசிக் காசுவரை கீழே இறங்காமல் அதே மேசையில் இருப்பார் என்று எடுத்துக்கொள்கிறது. ஷாட் எடுப்பவர்கள் இதைத்தான் பதிலாகச் சொல்வார்கள்: “5 பை-இன் போனால் இறங்கிவிடுவேன்.” சரியான பதில்தான். ஆனால் 25/50இல் 5 பை-இன் என்பது 250 டாலர். அது ஒரே மாலையில் போகலாம். கீழே 100 கைக்கு 1.25 வீதம் அதைத் திரும்ப எடுக்க 20,000 கை ஆட வேண்டும்; இரண்டு மேசையில் மணிக்கு 150 கை என்றால் 130 மணி நேரத்துக்கு மேல். இது தெரிந்தபின் இறங்கி வந்து, 6 டாலர் சேர்ந்த ஒரு பாட் (நடுவே குவியும் பந்தயப் பணம்) எதிரே இருக்கும்போது நிதானமாக ஃபோல்ட் செய்ய, அதாவது சீட்டைக் கைவிட, முடியுமா? முடிகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னும் ஒரு பை-இன் போட்டுப் பார்க்கலாம் என்று மேலேயே தங்கிவிடுபவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஜெயித்தாலும் சிக்கல் உண்டு. 2,000 கையில் 4 பை-இன் மேலே கீழே போவது சாதாரண ஏற்ற இறக்கம். அதை வைத்து அந்த மேசைக்கு நாம் தகுதியா என்று சொல்லவே முடியாது.

ஷாட் பக்கத்தில் வலுவாக இருப்பது நேரம். அந்த 1,000 டாலரை 2,000 ஆக்கிவிட்டுத்தான் ஏறுவேன் என்றால் 80,000 கை. வேலைக்குப் போகிறவர் வாரம் 10 மணி நேரம் ஆடினால் ஓராண்டைத் தாண்டும். பிக் பிளைண்ட் கணக்கில் பார்த்தால் கீழ் மேசைகளில் ரேக்கும் (தளம் எடுத்துக்கொள்ளும் கழிவு) பொதுவாகக் கூடுதல். இந்த அலுப்பு எனக்கும் தெரியும். பொறுக்க முடியாதவருக்கு நான் சொல்வது: 30 பை-இன் வந்தபின் போங்கள், அதில் 3 மட்டும் எடுத்து வையுங்கள், கூட்டத்தில் பலவீனமான ஆள் இருக்கும் மேசையைப் பார்த்து உட்காருங்கள், மூன்றும் போனால் அன்றைக்குத் தளத்தையே மூடிவிடுங்கள்.

பேங்க்ரோல் முழுவதையும் ஒரே தளத்தில் வைக்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு நடவடிக்கை எடுத்தபோது ஃபுல் டில்ட்டில் இருந்த ஆட்டக்காரர்களின் பணம் முடங்கியது. ஃபெர்குசன் அப்போது அந்த நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவராக இருந்தார்.

இந்த 40 ஹோல்டெம் கேஷ் மேசைக்கு மட்டும். பாட்-லிமிட் ஓமாஹா என்ற இன்னொரு போக்கர் வகையில் ஏற்ற இறக்கம் இன்னும் பெரிது, பெரிய டோர்னமென்ட்டுகளில் அதைவிடவும் பெரிது. அங்கே 100 பை-இன்னுக்குக் கீழே நான் இறங்க மாட்டேன். இரண்டையும் நான் அதிகம் ஆடியதில்லை. அந்த எண்ணை மட்டும் நீண்ட நாள் ஆடியவர்களிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.