கீ ஒட்டுகிறதா? தண்ணீர், ஸ்பிரிட், புதுக் கீபோர்டு: எது தேவலை?

ஷிப்டை ஐந்து முறை தட்டியதும் விண்டோஸில் 'ஸ்டிக்கி கீஸ்' என்ற வசதி வந்திருந்தால் கீபோர்டில் கோளாறே இல்லை, செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள். அழுத்திய கீ எழும்பாமல் கிடந்தால்தான் கீழே சொல்லும் வைத்தியம்.

தூசி மட்டும் என்றால் கவிழ்த்துத் தட்டி, பிரஷ் போட்டு, புளோயரால் ஊதினால் தீர்ந்தது. கொட்டியது சாயா என்றால் இது எடுபடாது. சர்க்கரை காய்ந்து பிசினாகிவிடும்.

அதற்குத் தண்ணீரா, ஐசோபுரோபைல் ஆல்கஹால் என்ற ஸ்பிரிட்டா? சர்க்கரையைக் கரைப்பதில் தண்ணீர்தான் கெட்டி. ஆனால் முழுக் கீபோர்டையும் கழுவுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குமரி மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று. குளச்சல், முட்டம் பக்கமென்றால் உப்புக்காற்று வேறு. உள்ளே போன ஈரம் எப்போது காயும்? கீ மூடிகளை மட்டும் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். அடியிலுள்ள குழிக்கு 70 சதவீத ஐசோபுரோபைல் நல்லது: அதிலுள்ள தண்ணீர் சர்க்கரையை இளக்கும், ஆல்கஹால் சீக்கிரம் உலரும். ஒயரைப் பிடுங்கிவிட்டு, பட்ஸில் தொட்டுச் சுற்றித் துடையுங்கள். கடைசியாக ஒரு தடவை 99 சதவீதம். மொபைல் சர்வீஸ் கடைகளில் போர்டு கழுவ வைத்திருப்பது அதுதான்.

ஸ்பேஸ் பாரில் மட்டும் அவசரம் கூடாது. அடியில் 'ப' வடிவில் ஒரு கம்பி இரண்டு பக்கமும் கொக்கியில் மாட்டியிருக்கும். பார்க்காமல் நெம்பினால் கொக்கி போய்விடும்.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அன்றைக்கு வழுக்கும், அப்புறம் தூசியைப் பிடித்து முன்னைவிட மோசமாகும். தின்னர் பட்டால் பிளாஸ்டிக்கே இளகிவிடும்.

கீ நன்றாக எழும்பியும் எழுத்து விழவில்லையா? சாதாரண கீபோர்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தாளில் வெள்ளிக்கோடுகள் கறுத்திருக்கலாம். கறுத்திருந்தால் துடைத்துப் பயனில்லை, புதுசு வாங்குங்கள். தமிழ்99 என்ற தமிழ் கீபோர்டு அமைப்பில் மெய்யெழுத்துப் புள்ளி இருப்பது எஃப் கீயில். அது போனால் டிடிபி கடையில் ஒரு வரிகூட ஓடாது. கீ ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச் உள்ள மெக்கானிக்கல் கீபோர்டில், சுவிட்ச் கழற்றி மாட்டும் மாடல் என்றால் அந்த ஒரு சுவிட்சை மாற்றினால் போதும். லேப்டாப்பில் மூடியைத் தாங்கும் கத்தரிக்கோல் வடிவக் கால் மெல்லிசு, பல மாடல்களில் கீபோர்டே மேல்பாகத்தோடு அறையப்பட்டிருக்கும். அங்கே நீங்கள் கைவைக்காமல் சர்வீஸ் கடையில் கொடுப்பதுதான் மலிவு.