ரேஷனல் மெத்தடா, யூனிட் ஹைட்ரோகிராஃபா?

மழை பெய்ஞ்சா எவ்வளவு வெள்ளம் வரும்னு கணக்கு போடுற இந்த ரெண்டு முறைல எது பெஸ்ட்டுன்னா, என்ன கட்டப்போறீங்கங்கறத பொறுத்து. அயர்லாந்து இன்ஜினியர் மல்வனி 1851ல சொன்ன ரேஷனல் மெத்தட் ரொம்ப ஈஸி, நிலத்தோட குணகம் (பெய்ற மழைல எத்தனை பங்கு வழிஞ்சோடும்ங்கற எண்), மழை வேகம், பரப்பு மூணையும் பெருக்கினா உச்ச வெள்ளம் வந்துடும், 10 ஹெக்டேர்ல மணிக்கு 60 மி.மீ. மழைன்னா புல்தரைக்கு 0.3 போட்டு வினாடிக்கு 0.5 கனமீட்டர், அதையே கான்கிரீட்டாக்கி 0.9 போட்டா 1.5, மூணு மடங்கு! (இத பாக்காம லேஅவுட் போடுறது பெரிய தப்புங்க.) தெரு வடிகால், சின்ன கல்வெர்ட்டுக்கு (ரோட்டுக்கு அடில தண்ணி போற வழி) இது போதும்.

அணைக்கு பத்தாது. வெள்ளம் எப்படி ஏறி இறங்குதுன்னு முழு கர்வும் வேணும், அதுக்கு யூனிட் ஹைட்ரோகிராஃப்னு வழி காட்டுனது 1932ல அமெரிக்க இன்ஜினியர் ஷெர்மன். 1 செ.மீ. வழிஞ்சோடுற மழைக்கு கர்வ் கிடைச்சா, அதே நேர அளவுல 5 செ.மீ.க்கு அஞ்சால பெருக்கிக்கலாம். ஆனா மழை, ஆத்து நீரோட்டம் ரெண்டுக்கும் ரெக்கார்டு இருக்கணும். ஸ்பில்வேக்கு (அணைல மிச்ச தண்ணி வெளியேறுற வழி) நான் இதத்தான் நம்புவேன்.