அளவு ஜாக்கெட்: எடை குறைத்த மூன்றரை ஆண்டுகள்

மதுரையில் நான் வழக்கமாகத் துணி கொடுக்கும் தையல்காரரிடம் நீளமான கணக்கு நோட்டு ஒன்று உண்டு. வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு பக்கம். டேப்பைப் பிடித்தபடி அவர் அளவை உரக்கச் சொல்வார். மிஷினில் உட்கார்ந்திருக்கும் அவருடைய மனைவி எழுதிக்கொள்வார். கடையில் நான்கு பேர் நின்றால் நான்கு பேருக்கும் நம் உடல் அளவு தெரிந்துவிடும். 2017இல் ஒருநாள் "நாற்பத்து நான்கு" என்று அவர் சொன்னபோது பின்னால் யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அதன்பிறகு பல ஆண்டுகள் அந்த டேப்புக்கு முன்னால் நான் நிற்கவில்லை. அளவு ஜாக்கெட்டைப் பையில் போட்டு, "இதைவிட அரை இன்ச் லூசாக" என்று துண்டுச் சீட்டு எழுதி, மகனிடம் கொடுத்தனுப்பிவிடுவேன்.

ஜாக்கெட் போடுகிறவர்களுக்குத் தெரியும். பக்கவாட்டில் உள்ளே துணி விட்டு, மூன்று நான்கு வரிசை தையல் ஓட்டித் தருவார்கள். உடம்பு போடப் போட ஒவ்வொரு வரிசையாகப் பிரித்துக்கொள்ளலாம். 2022 ஜனவரியில் என் பீரோவில் இருந்த ஜாக்கெட்டுகள் அத்தனையிலும் கடைசி வரிசை மட்டுமே மிச்சம். எடை பார்க்கும் இயந்திரத்தைவிட இதுதான் எனக்கு உறைத்தது. பிரிப்பதற்கு இனித் தையல் இல்லை.

அப்போதைய கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வயது 42, உயரம் 157 செ.மீ., எடை 84.2 கிலோ, இடுப்புச் சுற்றளவு 104 செ.மீ., மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.3. இந்தக் கடைசி எண் 5.7க்கு மேல் போனால் சர்க்கரை நோயின் வாசற்படி, 6.5 வந்தால் வீட்டுக்குள் நுழைந்தாயிற்று. உடல் நிறைக் குறியீடு 34. உலகப் பொதுக் கணக்கில் 30 என்றால்தான் உடல் பருமன். நமக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும் வாகு அதிகம் என்பதால் இங்கே மருத்துவர்கள் 25லேயே கோடு போட்டுவிடுகிறார்கள். பெண்களின் இடுப்பு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டுமாம். டாக்டர் அம்மா தைராய்டு பரிசோதனையும் எழுதித் தந்தார். 'பழி போட ஏதாவது கிடைக்காதா' என்று உள்ளூர ஆசையோடுதான் போனேன். தைராய்டு சரியாகவே இருந்தது.

இதற்கு முன் பணத்தைத் தொலைத்த கதைகளைச் சுருக்கமாக முடிக்கிறேன். ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் ஓராண்டுக்கு 14,000 ரூபாய் கட்டிவிட்டு 23 நாள் போனேன். கட்டும் வரை 'மேடம்' என்றவர்கள் கட்டிய மறுநாள் முதல் ஏறிட்டும் பார்க்கவில்லை. உறவுக்காரப் பெண் ஒருத்தி விற்ற மூலிகைப் பொடியில் ஒரே மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தது. நிறுத்திய மூன்று மாதத்தில் ஏழு கிலோ ஏறியது. சாப்பாட்டைச் சட்டென்று வெட்டினால் முதலில் இறங்குவது பெரும்பாலும் தண்ணீர் எடை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து, தன்னைப்போல் மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்தச் சேமிப்பு கரைந்தால் தண்ணீரும் போய்விடும், முள்ளும் இறங்கிவிடும். பொடிக்காரர்கள் பிழைப்பதே இந்த முதல் பத்து நாளில்தான்.

இந்த முறை முதலில் வாங்கியது சமையலறைத் தராசு. 450 ரூபாய். மூன்றரை ஆண்டில் மூன்று முறை பேட்டரி மாற்றியிருக்கிறேன், ஒருமுறை அதன்மேல் சாம்பார் கொட்டியிருக்கிறது. இன்னமும் உழைக்கிறது. முதல் வாரம் எதையும் குறைக்கவில்லை, நிறுத்துப் பார்த்ததோடு சரி. குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று மதியம் நான் போட்டுக்கொண்ட சோறு மொத்தம் 480 கிராம். நூறு கிராம் சோற்றுக்கு 130 கலோரி என்று வைத்தால் சோறு மட்டுமே 620. 'நான் அப்படியொன்றும் சாப்பிடுவதில்லையே' என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்தவள் நான். அன்று தட்டின் முன்னால் உட்கார்ந்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்று சுற்றில் எதையும் விடவில்லை. ரசம் இல்லாத சாப்பாட்டை மூன்று நாள் தாங்குவேன், நான்காம் நாள் யாரையாவது திட்டுவேன். ஆகவே சுற்றுகள் அப்படியே இருக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கரண்டி, மொத்தம் 180 கிராம். காலியான இடத்தில் பொரியலும் கூட்டும். பொரியலை முதலில் தனியாகச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றுக்கு வருவேன். மாமியாருக்கு இது பொறுக்கவில்லை. "சோற்றைத் தொட்டுக்கொண்டு காயைச் சாப்பிடுகிறாள்" என்று பக்கத்து வீட்டுக்குச் செய்தி போனது.

அடுத்தது எண்ணெய். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் வாங்கிக்கொண்டிருந்தோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாற்பது மில்லிக்கு மேல். நான் தனியாக எண்ணெய் குறைத்துச் சாப்பிட முடியாது, ஒரே சட்டியில்தானே தாளிக்கிறோம். அதனால் சண்டையை எண்ணெய் பாட்டிலோடு வைத்துக்கொண்டேன். மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலால் தோசையைச் சுற்றிப் பீய்ச்சுவதை நிறுத்தி, என் அம்மா செய்வதுபோல் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்த்தேன். தோசை இன்னும் வாசமாக வந்தது. இப்போது மாதம் இரண்டரை லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 170 கலோரி குறைந்தது, மூன்று பேருக்கு அது நடந்ததே தெரியாது.

அலுவலகத்தில் நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஆக 40 கிராம். சேர்க்கும் சர்க்கரையை 25 கிராம் அளவில் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் இறக்கி, இப்போது இரண்டு டீ, அரை ஸ்பூன். இடையில் கருப்பட்டிக்கு மாறி ஏமாந்தேன். கருப்பட்டிக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் கலோரியில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் கிடையாது. சிறுதானிய மோகமும் அப்படித்தான். நார்ச்சத்து கூடுதல், பசி தாங்கும், எல்லாம் சரி. ஆனால் தினையும் அரிசியும் கிராமுக்குக் கிராம் ஏறத்தாழ ஒரே கலோரிதான். நெய் மிதக்கத் தினைப் பொங்கல் சாப்பிட்டு ஒரு மாதத்தில் 800 கிராம் ஏற்றிக்கொண்டவள் சொல்கிறேன்.

நடை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி. திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய குளம்; பக்கத்துக்கு முந்நூறு மீட்டர் என்றால் ஒரு சுற்று ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது இதற்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது தண்ணீர் நிற்கிறது. காலை ஐந்தேகாலுக்கு மைய மண்டபத்தின் நிழல் தண்ணீரில் தெரிகிற வெளிச்சம்கூட வந்திருக்காது. முதல் நாள் ஒரு சுற்றில் இரண்டு முறை கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினேன். செருப்போடு நடந்ததில் மூன்றாம் வாரம் குதிகால் வலி. எழுந்து முதல் அடி வைத்தால் ஆணி குத்தியதுபோல் இருக்கும். 1,800 ரூபாய் கொடுத்து ஷூ வாங்கினேன். சேலைக்குக் கீழே ஷூவா என்று கூச்சமாக இருந்தது. மறுநாள் பார்த்தால் குளத்தைச் சுற்றுகிற பெண்களில் பாதிப்பேர் சேலையும் ஷூவும்தான்.

பத்தாயிரம் அடி கணக்கை நான் வைத்துக்கொள்ளவில்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. ஆராய்ச்சி சொன்ன வரம்பு இல்லை. எனக்கு நான்கு சுற்று, வாரம் ஐந்து நாள். ஒரு மணி நேரம் நடந்தாலும் 300 கலோரிக்குள்தான் செலவாகும். ஒரு பரோட்டாவும் கொஞ்சம் சால்னாவும் அதைச் சத்தமில்லாமல் சரிக்கட்டிவிடும். மதுரையில் இருந்துகொண்டு இதைச் சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் உண்மை. எடையை இறக்கியது தட்டுதான். நடை தந்தது தூக்கமும் முழங்கால் விடுதலையும். எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் நான்கு கிலோ குறையும் என்று டாக்டர் அம்மா சொன்னார். ஆறு கிலோ குறைந்தபோது மாடிப்படிக் கைப்பிடியை நான் தொடாமல் ஏறுவதை மகன்தான் முதலில் கவனித்தான்.

பயிற்சி என்று தனியாக எதுவும் இல்லை, தோப்புக்கரணம் மட்டும். முக்குறுணிப் பிள்ளையாருக்குக் கடன்பட்டதுபோல் தினமும் போட்டேன். ஐந்தில் ஆரம்பித்து இப்போது முப்பது. வீட்டுக்கு வரும் இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்த்து வைக்க முன்பெல்லாம் கணவர் அலுவலகத்திலிருந்து வரக் காத்திருப்பேன். இப்போது நானே தூக்கி வைத்துவிடுகிறேன்.

எண்கள் இப்படி நகர்ந்தன: 2022 ஜூனில் 76, டிசம்பரில் 71. அப்புறம் எட்டு மாதம் அசையவே இல்லை. அதே சோறு, அதே நடை, அதே 71. உடம்பு சிறுத்தால் அதற்குத் தேவைப்படும் எரிபொருளும் குறைந்துவிடும், பழைய கணக்கு செல்லாது என்பது புரிய எனக்கு நாளாயிற்று. அதற்குள் 2023 அக்டோபரில் ஊரில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பதினெட்டு நாள் மருத்துவமனை வராந்தா, கேண்டீன் பூரி, நேரங்கெட்ட வடை, சர்க்கரைப் பாகு போன்ற டீ, நடுவில் தீபாவளி. ஜனவரியில் எடை 75.6. தூக்கிப் பீரோவில் போட்டிருந்த பழைய ஜாக்கெட்டை மறுபடி எடுத்தபோது அழுதேன். திரும்பி வரச் செய்தது ஒன்றே ஒன்று: ஒரு மாதம் எடை பார்ப்பதை நிறுத்திவிட்டுக் குளத்துக்கு மட்டும் போனேன். தராசு பிப்ரவரி கடைசியில்தான் மேடைக்கு வந்தது. இன்றைக்கு 67.5 கிலோ, இடுப்பு 86, சர்க்கரை 5.6. நம் ஊர்க் கணக்குப்படி இன்னும் பருமன் பட்டியலில்தான் இருக்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் நான்கு மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. சோற்றைக் குறைத்த நான் புரதத்தைக் கூட்டவில்லை. அப்புறம்தான் தினம் இரண்டு முட்டையும் மாலையில் ஒரு கிண்ணம் சுண்டலும் சேர்ந்தன. முடி மெல்லத் திரும்பியது. மேற்கைத் தோல் தொங்குகிறது, அது போகாது போலிருக்கிறது. உடம்புக் கொழுப்புச் சதவீதம் காட்டும் எடை இயந்திரம் வாங்கியது வீண். தண்ணீர் குடிப்பதற்கு முன் ஒன்று, பின் ஒன்று காட்டும். மிக மோசமானது சொந்தக்காரர்கள். கல்யாண வீட்டில் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "சுகர் வந்துவிட்டதா?" என்பார்கள். குண்டாக இருந்தபோது ஒருவரும் என் உடல்நலத்தை விசாரித்ததில்லை.

தன்னம்பிக்கை எப்போது வந்தது என்று அலுவலகத் தோழி கேட்டாள். யோசித்துப் பார்த்தால் அது எடைக்கு முன்பே வந்துவிட்டது. அப்போது நான் 80 கிலோ, பார்க்கிறவர்களுக்கு ஒரு மாற்றமும் தெரிந்திருக்காது. ஒருநாள் நான்காவது சுற்றை நிற்காமல் முடித்தேன். அன்றைக்கு பஸ்ஸில் மூன்று பேர் இருக்கையில் இரண்டு பேர் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாக நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவேன். என் உடம்புக்கு இடம் கேட்பதற்கு வாய் வராது. அன்று "கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்" என்றேன். தள்ளி உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது, ஆனால் தேதி நினைவிருக்கிறது: 2022 மார்ச் 4. அந்த ஆண்டு நான் கணக்குப் பார்க்கும் சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் வரவு செலவு அறிக்கையை நானே எழுந்து வாசித்தேன். பன்னிரண்டு ஆண்டுகளாக நான் தயாரித்து, வேறொருவர் வாசித்துக்கொண்டிருந்த அறிக்கை.

போன மாதம் அளவு ஜாக்கெட் இல்லாமல் தையல் கடைக்குப் போனேன். கடையில் ஆறு பேர். டேப்பை எடுத்தவர் என்னைப் பார்த்துவிட்டு நோட்டில் பழைய பக்கத்தைத் தேடினார், கிடைக்கவில்லை, புதுப் பக்கம் திருப்பினார். "முப்பத்தேழு" என்று உரக்கச் சொன்னார். அவருடைய மனைவி எழுதினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"உள்ளே எவ்வளவு துணி விடட்டும், அக்கா? வழக்கம்போல இரண்டு இன்ச்சா?"

அம்மா விழுந்த அக்டோபரை நினைத்துக்கொண்டேன்.

"ஒன்றரை போதும்" என்றேன்.